கோழிக்கு நாடி பார்த்தல்

வைத்தியர்களிலெல்லாம் மிகவும் சிரமப்படுகிறவர் குழந்தை வைத்தியர் என்று சொல்வது வழக்கம். நோயாளி வாய் திறந்து பேசமாட்டார்; அழுவதோடு சரி. ஆனால் குழந்தையாவது அழுகிறது. கோழி அதுவும் செய்வதில்லை. தன் வியாதியை மறைத்து வைப்பதே அதன் பிறவிக் குணம். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. கூட்டத்தில் ஒன்று தளர்ந்துவிட்டதென்று தெரிந்தால் மற்றக் கோழிகளே அதைக் கொத்தி விரட்டும். வானத்தில் வட்டமிடும் பருந்தும் அதைத்தான் முதலில் குறிவைக்கும். ஆகையால் நோயுற்ற கோழி, நாம் அருகில் போகும்போது தலையைத் தூக்கிக்கொண்டு நாலடி கம்பீரமாக நடந்து காட்டும். நாம் திரும்பியதும் மறுபடி மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். "நேற்று வரையில் நன்றாகத்தானே இருந்தது!" என்று வீட்டார் வியப்பதெல்லாம் இந்த நடிப்பின் விளைவே.

ஆதலால் கோழி வைத்தியத்தில் முதற்பாடம் மருந்து அல்ல, பார்வை. காலையில் கூட்டைத் திறந்துவிடும்போது இரண்டு நிமிஷம் நின்று பார்க்கவேண்டும். எந்தக் கோழி முதலில் பாய்ந்து வருகிறது, எது பின்தங்குகிறது, தானியத்தை இறைத்த பிறகும் எது வராமல் நிற்கிறது என்று கவனிக்கவேண்டும். வழக்கமாக முந்துகிற கோழி ஒருநாள் கடைசியில் வந்தால், அன்றைக்கே அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது நலம்.

எடுத்தபின் எதைப் பார்ப்பது? கழுத்தின் அடியில், மார்புக்குச் சற்று மேலே தீனிப்பை இருக்கிறது. மாலையில் அது நிறைந்திருக்கவேண்டும், காலையில் காலியாயிருக்கவேண்டும். காலையிலும் கல்லைப்போல் கெட்டியாயிருந்தால் நாரோ புல்லோ அடைத்துக்கொண்டிருக்கிறது. தளதளவென்று ஆடி, வாயில் புளித்த நாற்றமும் வந்தால் உள்ளே இருப்பது கெட்டுவிட்டது. அடுத்தபடியாக நடுமார்பின் எலும்பைத் தடவவேண்டும். அது கத்திமுனைபோல் தட்டுப்பட்டால், நோய் நேற்று வந்ததல்ல. பல நாளாகக் கோழியைத் தின்றுகொண்டிருக்கிறதென்று அறியலாம். கொண்டை வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. அப்போது சிறகைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்று பார்ப்பதுடன், இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டின் இடுக்குகளையும் பார்க்கவேண்டும். பகலெல்லாம் மரச்சந்தில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும் ஒருவகைச் செள்ளுப் பூச்சி உண்டு.

எச்சத்தைப் பார்க்க அருவருப்புக் கூடாது. அதன்மேல் சிறிது வெள்ளை படிந்திருப்பது இயற்கையே, கண்டு பயப்படவேண்டாம். இடையிடையே பழுப்பு நிறத்தில் குழம்பாகப் போவதும் இயற்கைதான். இளங்குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் கலந்திருந்தால் மட்டும் தாமதிக்கலாகாது. அது ஈரத் தரையில் வளரும் இரத்தக் கழிச்சல். காலத்தில் மருந்து கொடுத்தால் பிழைக்கும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளங்கள் எழும்பினால் அது அம்மை. பெரும்பாலும் கொசு கொண்டுவந்து விடுவது. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமுள்ள சளி ஒழுகினால் அதற்கும் வைத்தியம் உண்டு.

கோழியைத் தொட்டவுடன் "ஜுரம் கொதிக்கிறது!" என்று தீர்ப்புச் சொல்வோரும் உண்டு. கோழியின் இயல்பான உஷ்ணமே ஏறக்குறைய 106 அல்லது 107 டிகிரி பாரன்ஹீட். மனிதர்களுக்கு அவ்வளவு ஏறினால் வீடே அல்லோலகல்லோலப்படும். கோழிக்கு அதுவே சௌக்கியம். அதேபோல், சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கோழியெல்லாம் நோயாளியல்ல. அடைக்கோழியும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். கையை நீட்டிப் பாருங்கள்: அடைக்கோழி சீறிக்கொண்டு கொத்த வரும், நோய்க்கோழி கண்ணை மூடிக்கொள்ளும்.

நோய் இன்னதென்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், செய்யவேண்டிய முதற்காரியம் ஒன்றே. நோய்க்கோழியை உடனே மற்றவற்றினின்றும் பிரிக்கவேண்டும். கோணி விரித்து, காற்றடிக்காத உலர்ந்த மூலையில், பஞ்சாரத்தின்கீழ் அதைத் தனியே விடுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் தீனிக் கிண்ணமும் அதற்கென்று வேறாக இருக்கட்டும். மற்றக் கோழிகளைக் கவனித்த பிறகே இதனிடம் வாருங்கள். வந்தபின் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நொய்க்கஞ்சியும் சுத்தமான ஜலமும் அருகில் இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும். அலகைப் பிளந்து எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றவேண்டாம். நாவின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால், மருந்து வயிற்றுக்குப் போவதற்குப் பதிலாக நெஞ்சுக்குள் போய்விடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஆண்டிபயாடிக் பொடியை நாமே அளந்து கலப்பதும் தவறு. கால்நடை வைத்தியர் கொடுத்தால் கொடுக்கலாம். அவர் குறிப்பிடும் நாள்வரையில் அந்தக் கோழியின் முட்டையைச் சமைக்கலாகாது.

இவ்வளவும் செய்தும் பயனில்லாத வியாதி ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அதை வெள்ளைக் கழிச்சல் என்கிறார்கள். எச்சம் வெள்ளையும் பச்சையுமாக நீர்த்துப் போகும். கோழி வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். சிலவற்றுக்குக் கால் விழுந்து, கழுத்து முறுக்கிக்கொள்ளும். 1926-ல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகிலும் காணப்பட்ட இந்நோய், 1927-ல் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டது. அதனால் நம் தேசத்தில் ராணிக்கேட் நோய் என்றே அதற்குப் பெயர். இது வைரஸால் வருவது. வந்தபின் இதற்கு மருந்தே கிடையாது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் அவை இந்த வைரஸை நிறுத்தமாட்டா.

சென்ற கோடையில் நமது வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி பாடம் முடிந்ததும் தயங்கி நின்றாள். அவளுடைய கோழி கழுத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றுகிறதென்றாள். முட்டை விற்ற காசில்தான் அவளுக்கு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்குவது. போய்ப் பார்த்தோம், சந்தேகத்துக்கு இடமில்லை. அவளுடைய பாட்டியோ கோழியின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரய்யா, நாளைக்குச் சந்தை. செத்துப்போனா ஒண்ணுமில்லே, வித்தாப் பாதிக் காசாவது வரும்" என்றாள்.

"பாட்டி, இதை வாங்கிக்கொண்டு போகிறவளும் உங்களைப்போல் ஒரு பாட்டியாகத்தானே இருப்பாள்? அவள் கொல்லையிலும் ஐந்தாறு கோழி இருக்குமே!" என்றோம்.

கிழவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கட்டை அவிழ்த்தாள். "இந்தச் சீக்கு என் வீட்டோட நிக்கட்டும், ஐயா" என்றாள்.

மறுநாள் அந்தக் கோழி இறந்தது. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு. ஆறில் மூன்று மிஞ்சின. இறந்தவற்றை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். குளத்திலோ வாய்க்காலிலோ எறியவில்லை. அந்த வீட்டிலிருந்து சந்தைக்கு ஒரு நோய்க்கோழியும் போகவில்லை. பாதிக் காசை வேண்டாமென்று விடுவது நமக்குச் சிறிய தியாகமாகத் தோன்றலாம். அந்த வீட்டு வரவு செலவில் அது சிறியதல்ல.

ஆனால் இத்தகைய தியாகத்துக்கே இடமில்லாமல் செய்ய வழி இருக்கிறது. நோயின் பெயரைக் கேட்டு ராணிப்பேட்டையை நினைப்பவர்கள் உண்டு. நோய் அங்கே பிறந்ததல்ல; அதைத் தடுக்கும் மருந்துதான் அங்கே தயாராகிறது. 1932-ல் தொடங்கப்பெற்ற அரசாங்க நிலையம் அது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி. கோடைக்கு முன்னே கால்நடைத் துறையார் கிராமங்களில் முகாம் நடத்தி இதை இலவசமாகவே போடுகிறார்கள். நோய் வந்த பிறகு ஓடிப் பயனில்லை, வருமுன் போகவேண்டும். புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் கூட்டத்தில் சேர்ப்பதும் அவ்வளவு அவசியம்.

ஒரே சமயத்தில் பல கோழிகள் திடீரென்று மடிந்தால், அவற்றைத் தொடாமலும் அறுக்காமலும் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்பவேண்டும். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் தோன்றியது முதல் இந்த எச்சரிக்கை நம் தேசத்துக்கும் உரியதாகிவிட்டது. அது மனிதரையும் பற்றக்கூடியது.

மற்றபடி, கோழிக்கு நாடி பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். இன்று மாலை கோழிகள் அடையும் வேளையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தீனிப்பையையும் மார்பெலும்பையும் தடவிப் பாருங்கள். நாளைக் காலை மறுபடியும் பாருங்கள். இந்த வேலையைக் குழந்தைகளிடமே ஒப்பிக்கலாம். பார்த்தபின் கை கழுவச் சொன்னால் போதும். நலமுள்ள கோழியின் தேகம் கைக்குப் பழகிவிட்டால், நலங்கெட்ட அன்று கையே சொல்லிவிடும்.