நிற்பவர்களுக்கு ஒரு நாற்காலி: சிங்கப்பூர் மனிதவள அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு மனிதவள அமைச்சர் டாக்டர் டான் சீ லெங் அவர்களுக்கு,



சிங்கப்பூருக்கு முதன்முறை வரும் ஒருவர் தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவில் ஒரு நாளைக் கழித்தால், முன்பின் தெரியாத எத்தனை பேருடைய உழைப்பு அவர் கையில் வந்து சேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சிராங்கூன் சாலையில் இருபது புடவைகளை விரித்துக் காட்டி, வாங்காமல் போனாலும் முகம் சுளிக்காமல் மடித்து வைக்கும் பெண். நகைக்கடை வாசலில் கதவைத் திறந்துவிடும் காவலர். தேக்கா நிலையத்து உணவங்காடியில் மேசை துடைக்கும் முதியவர். மளிகைக் கடையில் பில் போடுபவர். இவர்களின் மொழி வேறு, கடப்பிதழ் வேறு, சம்பளம் வேறு. பயணியின் கண்ணில் படாத ஒன்று மட்டும் இவர்கள் எல்லோருக்கும் பொது. காலையில் வேலைக்கு வந்ததிலிருந்து இவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் எந்தத் துணிக்கடைக்குள் நுழைந்தாலும் இதைக் காணலாம். விற்பனைப் பெண்ணின் ஒரு குதிகால் செருப்பிலிருந்து வெளியே வந்திருக்கும். உடம்பின் பாரம் இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மாறி மாறிப் போகும். இடுப்பு, கண்ணாடி மேசையின் விளிம்பைத் தேடிச் சாயும். மேலாளர் வரும் சத்தம் கேட்டதும் எல்லாம் ஒரு நொடியில் நேராகிவிடும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நிற்பவருக்கு உட்காரும் உரிமை உண்டு என்று சிங்கப்பூரின் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

அந்நியரிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதை அரசாங்கத்தின் வேலையாகவே எடுத்துக்கொண்ட நாடு இது. 1979இல் திரு லீ குவான் இயூ தேசிய மரியாதை இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சுற்றுப்பயணிகளிடம் கனிவாக நடந்துகொள்ளும்படி சுற்றுலாத் துறை நடத்திய பிரசாரத்தின் நீட்சியாகவே அது பிறந்தது. 1982இல் சிங்கா என்ற சிங்கம் அதன் சின்னமானது. 1997இல் கருணை இயக்கம் தோன்றியது. 2013 மே மாதம் அந்தச் சிங்கா, கோபம் மிகுந்துவரும் சமூகத்தைப் பார்த்துக் களைத்துவிட்டதாகப் பதவி விலகல் கடிதம் எழுதியதுபோல் ஒரு விளம்பரமும் வந்தது. இத்தனை ஆண்டுகளாகச் சுவரொட்டிகளிலும் பள்ளிகளிலும் நாம் சொல்லிக்கொடுத்தது முகபாவத்தை: புன்னகை செய், நன்றி சொல், வணக்கம் சொல். அந்தப் பாடத்தில் தவறில்லை. ஆனால் எட்டு மணி நேரம் நின்ற காலோடு ஒருவர் எப்படிப் புன்னகைப்பார் என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை. பயணி ஒருவர் ஊருக்குப் போய், "அந்தக் கடையில் முகம் கொடுத்துப் பேசவில்லை" என்று சொன்னால் பழி அந்தப் பெண்ணின் குணத்தின் மீது விழுகிறது. அவளுக்கு வலிப்பது முழங்கால் என்று யாரும் நினைப்பதில்லை. மரியாதையைப் பழக்கமாகப் பார்ப்பதற்கு முன்னால் அதை ஓர் ஏற்பாடாகப் பார்க்க வேண்டும். ஏற்பாடு சரியாக இருந்தால் பழக்கம் தானாக வரும்.

சட்டம் இந்தத் தொழிலாளர்களை மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம், குறிப்பிட்ட சம்பள வரம்புக்கு உட்பட்டவர்களிடம் பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்கிறது. படிப்படியாக உயரும் சம்பள முறை 2014இல் துப்புரவுத் துறையில் கட்டாயமானது. பின்னர் பாதுகாவல் துறைக்கும், 2022 செப்டம்பரில் சில்லறை விற்பனைக்கும், 2023 மார்ச்சில் உணவுச் சேவைக்கும் வந்தது. பொதுத் துப்புரவாளரின் அடிப்படைச் சம்பளம் 2023 ஜூலையில் 1,570 வெள்ளி. 2028இல் அது 2,420 வெள்ளியாகும் என்று அட்டவணையே போட்டிருக்கிறீர்கள். பாதுகாவலரைத் திட்டுவோர், தாக்குவோர் மீதான தண்டனையும் 2022 மே 1 முதல் கடுமையாகியிருக்கிறது. நேரத்துக்குக் கணக்கு இருக்கிறது, காசுக்குக் கணக்கு இருக்கிறது, வசைச்சொல்லுக்கும் தண்டனை இருக்கிறது. நாற்காலிக்குத்தான் ஒன்றும் இல்லை. குத்தகை முறையில் அமர்த்தப்படும் ஊழியர்களுக்கு ஓய்விடம் தர வேண்டும் என்று முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு ஒன்று இருக்கிறது. நல்ல குறிப்புதான். ஆனால் அது ஆலோசனை, அதுவும் இடைவேளையில் போய் உட்காரும் அறையைப் பற்றியது. நான் பேசுவது வேலை நேரத்தைப் பற்றி. கடையில் ஆள் இல்லாத பிற்பகல் மூன்று மணிக்கு, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உட்காருவதைப் பற்றி.

நீங்கள் மருத்துவர். நெடுநேரம் நிற்பதால் கால் இரத்த நாளங்கள் புடைத்துச் சுருள்வதையும், கீழ்முதுகு வலியையும், பாத வீக்கத்தையும் நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதயநோய் இல்லாத சுமார் 7,300 தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, பெரும்பாலும் நின்று வேலை செய்வோருக்கு, உட்கார்ந்து வேலை செய்வோரைவிட இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டது. உட்கார்ந்தே இருப்பதும் கெடுதல்தானே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் நான் கேட்பது மாறி மாறி இருக்கும் வசதியை. எப்போது நிற்பது, எப்போது அமர்வது என்பதை வேலையும் உடம்பும் தீர்மானிக்கட்டும். இதில் வயதுக் கணக்கும் இருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் ஓய்வுபெறும் வயது 64, மறுவேலைக்கு அமர்த்தும் வயது 69 என்று உங்கள் அமைச்சே அறிவித்திருக்கிறது. மூத்தோர் விரும்பினால் நீண்ட நாள் வேலை செய்யலாம் என்பது நல்ல கொள்கை. ஆனால் அந்த மூத்தோரில் பலர் வேலை செய்யும் இடங்கள் எவை? உணவங்காடிகள், கழிவறைகள், பேரங்காடிகள், கூட்டுரிமை வீடுகளின் வாசல்கள். அறுபத்தெட்டு வயதில் வேலை செய்யும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அறுபத்தெட்டு வயது முழங்காலுக்கு உட்காரும் உரிமையைக் கொடுக்காமல் விட்டால் அந்தக் கொள்கை பாதியில் நிற்கிறது.

இந்தக் கோரிக்கைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1899இலேயே பிரிட்டன், கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நமக்கு நெருக்கமான கதை கேரளத்திலிருந்து வருகிறது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் வேலை செய்த பெண்கள், கழிவறை கேட்டுத் தொடங்கிய போராட்டத்தை இருக்கை கேட்கும் போராட்டமாக வளர்த்தார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய தையல்காரர் விஜி 2018இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அடுத்தது தமிழ்நாடு. 2021 செப்டம்பர் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் கால்கடுக்க நிற்க வைக்கக் கூடாது, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சென்னை ரங்கநாதன் தெருவின் கடை ஊழியர்கள் படும் பாட்டை 2010இல் 'அங்காடித் தெரு' படம் திரையில் காட்டியபோது கலங்கிய தமிழர்கள் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். அந்தத் தெருவுக்குச் சட்டம் வந்துவிட்டது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் அது அவமரியாதை என்பது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது நம் வழக்கம். ஆனால் அந்த வழக்கத்தின் மறுபாதியையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. எழுந்து வரவேற்றபின், "உட்காருங்கள்" என்று சொல்லி இருவரும் அமர்வோம். வந்தவர் போனபிறகும் நின்றுகொண்டே இரு என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. வணிகத்துக்கும் இது புதிதன்று. இதே சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் செட்டியார்கள் பல தலைமுறைகளாகத் தரையில் சம்மணமிட்டு, முன்னால் சாய்வு மேசையும் பக்கத்தில் பெட்டியுமாகக் கடன் கொடுத்தார்கள். பெட்டியடிப் பையனும் உட்கார்ந்துதான் கணக்கு எழுதினான். கடன் வாங்க வந்த யாரும் அதை அவமதிப்பாக நினைக்கவில்லை. பட்டுப்புடவை விற்ற பழைய கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே விரிப்பில் எதிரெதிரே அமர்ந்துதான் விலை பேசினார்கள். கண்ணாடி மேசையும் குளிர்சாதனமும் வந்தபோது அந்த விரிப்பைச் சுருட்டிவிட்டோம், பதிலுக்கு ஒரு நாற்காலியும் போடவில்லை. நின்றால்தான் சுறுசுறுப்பு என்ற எண்ணம் அதற்குப் பிறகு வந்தது. ஐரோப்பாவின் பல பேரங்காடிகளில் காசாளர்கள் இன்றும் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள், வரிசை அங்கே தாமதமாக நகர்வதில்லை.

இட நெருக்கடியைச் சொல்வோரும் இருப்பார்கள். லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் குறுகலானவை, வாடகை அதிகம், சிறுவணிகர் ஏற்கெனவே வெளிநாட்டு ஊழியர் தீர்வையாலும் ஒதுக்கீட்டு வரம்பாலும் திணறுகிறார். இந்தக் கவலை நியாயமானது, சிறு கடைக்காரர் என் எதிரியும் அல்லர். ஆனால் மடக்கு முக்காலி ஒன்றுக்குத் தேவை ஒன்றரை அடி. உண்மையில் அந்த இடம் இப்போதே பல கடைகளில் இருக்கிறது. அடுக்கி வைத்த துணிக்கட்டுகளுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பால்பெட்டியும் பழைய பிஸ்கட் டின்னும் இருக்கும். அவை ஒளித்து உட்காருவதற்கான இருக்கைகள். நான் கேட்பது அந்தப் பால்பெட்டியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் ஒரு நல்ல முக்காலி போடுவதைத்தான். சமையல்காரரையும் மேசை துடைப்பவரையும் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யச் சொல்லவில்லை. தோசைக்கல் முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். கூட்டம் வடிந்த பிறகும் நிற்க வேண்டும் என்பதற்குத்தான் காரணம் எதுவும் இல்லை. தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தின் பக்கத்தில் துப்புரவாளருக்கென்று ஓர் இருக்கை, காவலரின் உயர் மேசைக்குப் பின்னால் ஓர் உயர் முக்காலி, இவ்வளவுதான் செலவு. படிப்படியாக உயரும் சம்பள முறை குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே தழுவுகிறது. நாற்காலியில் அந்தப் பாகுபாடு வேண்டாம். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவரின் காலும் அதே கால்தான்.

எனக்கே வலுவாகப் படும் மறுப்பு வேறொன்று: சட்டம் வந்தால் நாற்காலி வரும், ஆனால் உட்கார விடமாட்டார்கள். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் முக்காலி வெளியே வரும், மற்ற நாளில் அதன்மேல் சரக்கு ஏறும். இந்த ஆபத்து எங்கும் உண்டு. ஆகையால் சட்டத்தில் இருக்கையின் எண்ணிக்கையை எழுதினால் போதாது, உட்கார்ந்ததற்காக ஒருவரைக் கண்டிப்பதும் சம்பளத்தைப் பிடிப்பதும் வேலையை விட்டு நீக்குவதும் குற்றம் என்றும் எழுத வேண்டும். அமலாக்கத்தில் சிங்கப்பூருக்கு இருக்கும் வலிமை எல்லா நாடுகளுக்கும் கிடையாது. 2021 செப்டம்பர் 1ஆம் தேதி உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்கும் விதியை நடைமுறைப்படுத்தியபோது, இது நம் மக்களிடம் நடக்காது என்றவர்கள் பலர். நடந்தது. இன்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கூடப் பக்கத்து மேசையைப் பார்த்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழுகிறார். மேசை துடைப்பவர் நமக்காகக் குனியும் குனிவு அதனால் கொஞ்சம் குறைந்தது. லட்சக்கணக்கான உணவருந்துவோரின் பழக்கத்தை மாற்ற முடிந்த அரசால், கடை முதலாளிகளின் பழக்கத்தை மாற்ற முடியாதா?

லாரியின் பின்தட்டில் அமர்ந்து வேலைக்குப் போகும் தொழிலாளர்களைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்தரையைத் தவிர உட்கார வேறு இடமில்லாதவர்களைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. அவற்றில் வேறு அமைச்சுகளின் பங்கும் இருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். இது முழுக்க உங்கள் கையில் இருக்கும் விஷயம். தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஒரு பிரிவைச் சேர்க்க 74 ஆண்டுகள் ஆயின. நமது வேலை நியமனச் சட்டத்துக்கும் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. தொழிற்சங்கங்களையும் முதலாளிகளையும் முத்தரப்பு மேசையில் உட்கார வைத்து, அதுபோன்ற ஒரு பிரிவை எழுதி, நீங்களே நாடாளுமன்றத்தில் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
சிராங்கூன் சாலையில் நடப்பவர்களில் ஒருவர்