போனசில் கை வைப்பது யார்?

தீபாவளி நெருங்கினால் தொழிலாளி வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான். போனஸ்! அதை நம்பித்தான் துணி எடுப்பார்கள். அடகு வைத்த நகையை மீட்பார்கள். கடைப் பாக்கியை அடைப்பார்கள்.

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர் ஊர். கடலுக்குப் போகிறவருக்கு போனஸ் கொடுக்க முதலாளி ஏது? கடல் கொடுத்தால்தான் உண்டு. ஆனால் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இன்று வலையைத் தொடுவதில்லை. கடை, கம்பெனி, ஆஸ்பத்திரி என்று மாதச் சம்பளத்துக்குப் போகிறவர்களும் உண்டு. அந்த வீடுகளில் போனஸ் நுழைகிறது. கூடவே ஒரு பயமும் நுழைகிறது. "போனசில் பாதியை வரி கொண்டுபோய்விடும்" என்பதே அந்தப் பயம்.

இது உண்மையா?

இனாம் அல்ல, உரிமை

போனஸ் என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் அல்ல. 1961-ல் அமைக்கப்பட்ட மெஹர் கமிஷன் இதை ஆராய்ந்தது. 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. கணக்கில் எடுக்கும் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றது சட்டம். 8.33 சதவீதம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, பதிமூன்றாவது மாதச் சம்பளம்! 2019-ம் ஆண்டு சம்பளச் சட்டத் தொகுப்பும் இதே அளவுகளைத்தான் வைத்திருக்கிறது.

வரி எவ்வளவு?

போனசுக்கென்று தனி வரி கிடையாது. வருமான வரிக் கணக்கில் போனசும் சம்பளமே. வருஷச் சம்பளத்தோடு அதைச் சேர்த்து, மொத்தத்துக்கு வரி பார்ப்பார்கள். 2025-26-ம் ஆண்டுக்கான புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரியே இல்லை. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், தள்ளுபடி போக, சம்பளக்காரர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். சட்டப்படி போனஸ் பெறச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய் என்று 2015-ல் திருத்தினார்கள். வருஷத்துக்கு 2,52,000 ரூபாய். அந்த முழுத் தொகைக்கும் 20 சதவீத போனஸ் கிடைத்தாலும் 50,400 ரூபாய்தான். இரண்டையும் கூட்டினால் 3,02,400. நாலு லட்சத்தைத் தொடவில்லை!

ஆகவே, வேறு வருமானம் இல்லாத இத்தகைய தொழிலாளியிடம் "வருமான வரி" என்று சொல்லி போனசில் பிடித்தால், அது தவறு. பிராவிடண்டு பண்டும் இ.எஸ்.ஐ.யும் வருஷ போனசில் பிடிப்பதற்கு இல்லை. முன்பே கொடுத்த போனஸ் பங்கைக் கழிக்கலாம். முறைகேடாக நடந்து நஷ்டம் உண்டாக்கியிருந்தால் அதைக் கழிக்கலாம். வரி தவறாகப் பிடிக்கப்பட்டு அரசுக்குப் போயிருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

இன்னொரு வீடு

பெரிய சம்பளக்காரர் வீட்டில் கதை வேறு. ஒரு என்ஜினீயருக்கு வருஷச் சம்பளம் 12,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவு 75,000 போனால் 11,75,000. வரி இல்லை. கம்பெனி மகிழ்ந்து 1 லட்சம் போனஸ் தருகிறது. கணக்கு 12,75,000 ஆகிறது. தள்ளுபடி போய்விடுகிறது. வரி 71,250, அதன்மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 74,100 ரூபாய்! லட்ச ரூபாய் போனசில் கைக்கு மிஞ்சுவது 25,900.

"பன்னிரண்டு லட்சம் வாங்குகிறவர் கட்டட்டுமே" என்று சிலர் சொல்லலாம். கட்டட்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதிகம் உழைத்ததற்குக் கிடைத்த பணத்தில் நாலில் மூன்று பங்கு ஒரே அடியாகப் போவது நியாயமா? ஏறுகிறவன் விழாதபடி படிகள் சிறியதாக இருக்க வேண்டும். அரசு இதைத் திருத்த வேண்டும்.

மணலில் பிரிக்கும் பங்கு

அதைவிட முக்கியம், சிறிய சம்பளக்காரரின் கதை. எது பிடித்தம், எதற்குப் பிடித்தம் என்பதை ஒவ்வொரு நிர்வாகமும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கட்டுமரக் காலத்திலிருந்தே மீனவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கரை வந்ததும் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். கணக்கு எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் பங்கு சரியா என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பாட்டன்களின் பேரன் இன்று கையில் சம்பளச் சீட்டோடு நிற்கிறான். அவனுக்கும் தன் பங்கு தெரிய வேண்டாமா?