தேர்ந்தெடுக்கும் கண்

கடுகளவு சதைத் துணுக்கிலும் உயிரணுக்கள் ஆயிரக்கணக்கில் செறிந்து கிடக்கின்றன. புற்று கொண்ட அணுவும் அதில் உண்டு. நலமான அணுவும் உண்டு. குருதியணு, கொழுப்பணு, நாரணு ஆகியனவும் உண்டு. ஆய்வாளர் முன்பு பெரும்பாலும் இவற்றை ஒருங்கே அரைத்துச் சாறெடுத்தே நோயின் கூறுகளைத் தேடினர். நெல்லையும் பதரையும் கல்லையும் சேர்த்துக் குத்திவிட்டுச் சோற்றின் சுவையை ஆராய்வதை ஒத்தது அது. நுண்ணிய ஊசி கொண்டு கையாலேயே பிரித்தோரும் இருந்தனர். அது பொறுமையையும் பொழுதையும் விழுங்கியது.

1996-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த மைக்கேல் எம்மர்ட்-பக், லான்ஸ் லியோட்டா முதலியோர் இதற்கொரு வழி கண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். மிக மெல்லியதாகச் சீவிய திசுவைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, வெப்பத்தால் இளகும் நெகிழிப் படலம் ஒன்றை அதன்மேல் வைப்பர். நுண்ணோக்கி வழியே நோக்கி, வேண்டிய அணுவின்மேல் அகச்சிவப்பு லேசர் கதிரைக் கணப்பொழுது பாய்ச்சினால், அவ்விடத்துப் படலம் இளகி அணுவைப் பற்றிக்கொள்ளும். படலத்தை உயர்த்த, அவ்வணுவும் உடன் எழும். வெப்பத்தின் பெரும்பகுதியைப் படலமே ஏற்பதால் மரபுப்பொருள் கெடுவதில்லை. புறஊதா லேசரால் சுற்றிலும் வெட்டியெடுக்கும் முறையும் உண்டு. (லேசரைச் 'சீரொளி' என்பாரும் உளர், நாம் மக்கள் வழக்கையே கொண்டோம்.)

கருவி வந்துவிட்டால் அறிவு தானே வரும் என்னும் எண்ணம் நம் மாணவர் பலரிடம் உள்ளது. இத்துறை அதற்கு மறுப்பாக நிற்கிறது. அணுவை ஒட்டியெடுக்க வேண்டுமாதலால் திசுவின்மேல் வழக்கமான மூடுகண்ணாடியை வைப்பதில்லை. அதனால் காட்சி மங்குகிறது. மங்கிய காட்சியில் எது நோயணு, எது அதன் அண்டையணு எனத் துணிய வேண்டியவர் திசுவைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவரே. அவர் தவறினால், அதன்பின் நிகழும் விலையுயர்ந்த சோதனை யாவும் தவறான அணுவைப் பற்றியதாகவே முடியும். ஏடு படித்துப் பழகாதவர் கையில் சுவடி சிக்கினால் என்னாகும் என்பதைத் தமிழ்த் துறையார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்று அணுக்களை இனங்காணும் பணியைக் கணினிக்கும் பழக்குகின்றனர். அதனை வரவேற்கிறோம். 2024-இல் வெளியான ஆய்வொன்று, மருந்தின் எதிர்விளைவால் தோல் தீப்புண்போல் உரியும் கொடிய நோயை இவ்வழியில் ஆராய்ந்தது. பிரித்தெடுத்த அணுக்களின் புரதங்களை அளந்து, எவ்வழித் தூண்டல் மிகுந்துள்ளது என அறிந்தனர். அதனைத் தடுக்கும் மருந்து அளிக்கப்பட்ட ஏழு நோயாளிகளும் நலம் பெற்றனர். ஆயினும் கணினிக்கு முதலில் பாடம் சொல்லுவது பழகிய கண்ணேயன்றோ? நுண்ணோக்கியின் முன் ஆண்டுக்கணக்கில் அமரும் பயிற்சியைப் பழைமை என்று நம் கல்விக்கூடங்கள் சுருக்குவதை நாம் ஏற்க இயலாது.

அந்த ஆய்வுக்கு உதவிய தோல் துணுக்குகளும் புதிதாக எடுத்தவை அல்ல. மெழுகுக் கட்டிகளில் பதித்து முன்னரே பாதுகாத்து வைத்தவை.