இயற்கையிடமே கேட்டறிதல்

உடனடிப் பயன் தராத ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் எதற்கு என்னும் வினா நியாயமானதே. 2023ஆம் ஆண்டு ஒன்றிய அரசு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் மதிப்பிலான தேசியக் குவாண்டம் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதனை நோக்கியும் இவ்வினா எழலாம். விடை காண, அத்துறையின் ஒரு கிளையையேனும் அறிதல் வேண்டும்.

ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதித்தவாறு இயங்குகின்றன. அவ்வியக்கத்தைக் கணினியால் கணக்கிடுதல் அரிது. ஒரு துகளுக்கு இரண்டே நிலைகள் எனக் கொண்டாலும், துகள் ஒன்று கூடுந்தோறும் கணக்கு இருமடங்காகும். 300 துகள்களை முழுமையாக விவரிக்கத் தேவைப்படும் எண்கள், காணத்தக்க பேரண்டத்திலுள்ள அணுக்களைவிட மிகுதி. எனவே, குவாண்டம் விதிகளுக்கு உட்பட்ட மற்றோர் அமைப்பையே மாதிரியாகக் கொண்டு விடை காணலாம் என்று ரிச்சர்டு ஃபெயின்மன் 1981இல் எடுத்துரைத்தார்.

2002இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அக்கருத்து வடிவம் பெற்றது. தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்விக்கப்பட்ட ருபீடியம் அணுக்கள், லேசர் ஒளியாலான குழிகளில் நிறுத்தப்பட்டன. தொப்பம்பட்டியில் பாத்தி கட்டி நீர் பாய்ச்சுவோருக்கு இது எளிதில் விளங்கும். வரப்பு தாழ்ந்திருந்தால் நீர் பாத்திக்குப் பாத்தி பரவும். உயர்ந்தால் அந்தந்தப் பாத்தியிலேயே தங்கும். லேசரின் செறிவைக் கூட்டியதும் அணுக்களும் ஓட்டம் நீங்கித் தத்தம் குழிகளில் நின்றன. ஒரு வேறுபாடு உண்டு: நீர் வரப்பின்மேல் வழியும், அணுவோ தடையை ஊடுருவிச் செல்லும்.

முனைவுள்ள மூலக்கூறுகள் நேர்முனையும் எதிர்முனையும் கொண்டவை. ஆதலால், வெவ்வேறு குழிகளில் இருந்தும் அவை ஒன்றையொன்று பாதிக்கும். பொட்டாசியம்–ருபீடியம் மூலக்கூறுகளைக் கொண்டு இது 2013இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் மெய்ப்பிக்கப்பட்டது. காந்தப் பொருள்களின் இயல்பை ஆராய இது வழிவகுத்தது.

1986இல் கண்டறியப்பட்ட செம்பு ஆக்சைடு மீக்கடத்திகள் மின்தடையை இழப்பது எவ்வாறு என்பதற்கு அனைவரும் ஏற்கும் விளக்கம் இன்றுவரை இல்லை. அது விளங்கினால், கம்பிவழி வீணாகும் மின்சாரத்தைக் காக்கும் புதிய பொருள்களைத் தேடலாம். வெற்றி உறுதியன்று, ஆயினும் தேடலைக் கைவிட அது காரணமாகாது. 1924இல் டாக்காவில் சத்யேந்திரநாத் போஸ் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டீன் விரிவுபடுத்தினார். அதிலிருந்து கணிக்கப்பட்ட புதிய பருப்பொருள் நிலை, 71 ஆண்டுகளுக்குப் பின், 1995இல் அதே போல்டர் நகரில் உருவாக்கப்பட்டது. மியூனிக் சோதனைக்கு அடித்தளம் அதுவே. உடனடிப் பயனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்தால் அக்கட்டுரைக்கு மதிப்பே இருந்திராது.

ஆகவே, இவ்வாராய்ச்சிக்கு நிதி வழங்குதல் தகும். ஆனால், அறிவியலுக்கான நிதி பெருநகர ஆய்வகங்களோடு நின்றுவிடாமல் தொப்பம்பட்டி போன்ற ஊர்களின் பள்ளி ஆய்வகங்களையும் அடைதல் வேண்டும். அடுத்த நல்ல வினாவை எழுப்பும் மாணவர் எவ்வூரில் பிறப்பார் என்பதை எந்தக் கணினியாலும் கணக்கிட இயலாது.