களையை மட்டும் கொல்லும் மருந்தா?

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே ஒரு குடும்பம் முழுவதுமே நிலைகுலைந்து விடுகின்றது. அந்த அச்சத்தைத் தீர்க்க வந்த அற்புதமென இன்று ‘நனோ மருந்து’ போற்றப்படுகின்றது. நோயுற்ற கலங்களைத் தேடிச் சென்று அது அழிக்குமாம். நல்ல கலங்களைத் தீண்டாதாம். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைப் பொதுமக்கள் அறிந்திருத்தல் வேண்டுமென்பது நமது துணிபு.

கமக்காரருக்கு இது விளங்காத பொருளன்று. களையை ஒழிக்க வயலெங்கும் நஞ்சைத் தெளித்தால் நெல்லும் வாடும். புற்றுநோய்க்குரிய பழைய மருந்துகள் பல இத்தகையனவே. டொக்சோரூபிசின் புற்றை அழிப்பதில் வல்லது. ஆயின் அளவு மிகுந்தால் இதயத்தையும் பழுதாக்கும். நோயை மட்டும் தாக்கும் ‘மாயக் குண்டு’ ஒன்று வேண்டுமென ஜேர்மன் அறிஞர் போல் ஏர்லிக் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கனவு கண்டார்.

அக்கனவின் வழியில் வந்ததே டொக்சில். டொக்சோரூபிசினைக் கொழுப்பாலான நுண்ணிய உறையினுள் அடைத்து ஆக்கிய இம்மருந்தை 1995இல் அமெரிக்கா அங்கீகரித்தது. உறையின் பருமன் ஏறத்தாழ 100 நனோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. புற்றுக்கட்டியில் அவசரமாய் முளைக்கும் குருதிக்குழாய்களின் சுவர்களில் இடைவெளிகள் உண்டு. நல்ல உறுப்புகள் பலவற்றில் புகாத துணிக்கை ஆங்கே கசிந்து தங்கும். இதனை ஜப்பானிய அறிஞர் மற்சுமுராவும் மயேதாவும் 1986இல் எடுத்துக்காட்டினர்.

ஆயின் துணிக்கைகள் யாவும் இலக்கை அடைகின்றனவா? இல்லை. பத்தாண்டுக்கால ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய ரொறொன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர், செலுத்திய அளவில் 0.7 சதவீதமே கட்டியைச் சேர்கின்றதென 2016இல் அறிவித்தனர். எஞ்சியதிற் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே, ‘நேரே சென்று தாக்கும்’ என்று விளம்பரம் செய்வோரை நம்பிக் காணியை விற்க முற்படுவோர் ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்தல் நன்று.

அங்ஙனமாயின் இம்மருந்து வீணோ? அதுவும் இல்லை. பரவிய மார்புப் புற்றுநோயில் நடத்தப்பெற்று 2004இல் வெளியான பரிசோதனையில், டொக்சில் பழைய மருந்துக்கு ஒத்த பயனையே தந்தது; இதயத்துக்கு நேர்ந்த தீங்கோ மிகக் குறைவு. கைகால்களில் தோல் சிவந்து உரியும் தொல்லையோ மிகுந்தது. ஆயுளை நீட்டும் அற்புதமன்று. துன்பத்தைக் குறைக்கும் நன்மை. உழைத்து உண்ணும் மனிதனுக்கு, பழுதுபடாத இதயத்துடன் மீண்டும் வயலுக்குத் திரும்புவது சிறிய பேறா?

இப்பேறு யாருக்குக் கிட்டும் என்பதே நமது கேள்வி. 2011இல் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி நின்றதும் செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே டொக்சிலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2012இல் இந்தியாவின் சன் நிறுவனத்தின் மருந்தை வரவழைத்தே அந்நாடு சமாளித்தது. மறு ஆண்டு அந்நிறுவனத்தின் மாற்று மருந்தை முறைப்படி அங்கீகரித்தது. அமெரிக்காவுக்கே அந்நிலையெனின், 2022இல் அந்நியச் செலாவணி வற்றி அத்தியாவசிய மருந்துக்கே அலைந்த நமது நாட்டின் கதி என்ன?

அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. 2008இல் நிறுவப்பெற்ற இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர், யூரியாவை நனோ துணிக்கைகளுடன் பிணைத்து நைதரசனை மெல்ல மெல்ல வெளிவிடச் செய்தனர். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குன்றவில்லை என அவர்கள் 2017இல் வெளியிட்டனர். பயிருக்குப் பயன்பட்ட அவ்வறிவு நோயாளிக்கும் பயன்படலாகாதோ?

நாம் வேண்டுவன மூன்று. விலை குறைந்த மாற்று மருந்துகளை அரசு வாங்கி, கொழும்புக்கு அப்பாலுள்ள வைத்தியசாலைகளுக்கும் பங்கிட வேண்டும். உறையின் பருமன் சிறிது மாறினும் குணம் மாறுமாதலால், வாங்கும் ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் வேண்டும். நமது பல்கலைக்கழகங்களில் இத்துறைக்கு நிதி ஒதுக்க வேண்டும். விஞ்ஞானம் வெல்வது ஆய்வுகூடத்தில் மட்டுமன்று. ஏழையின் படுக்கையருகே அது சென்று சேரும் நாளே அதன் வெற்றிநாள்.