தெள்ளுப்பூச்சி விமானம்

“நானே என் கையால் ஒரு சிறு ஆகாய விமானம் செய்து பறக்க முடியுமா? எஞ்சினுக்கு என்ன செய்வது?” என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் பிள்ளை என்று எழுத்திலிருந்து ஊகிக்கிறேன். கடிதத்தின் அடியில், “என் தகப்பனார் இதைக் கேட்டுச் சிரிக்கிறார், என் தாயார் சிரிக்கவில்லை” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் நிலைமையை இத்தனை சுருக்கமாக எடுத்துரைத்த கடிதத்தை நான் அதிகம் கண்டதில்லை.

முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்பதுதான் பதில். தகப்பனார் சிரிப்பதற்கு நியாயம் இல்லை. ஆனால் தாயாரின் மௌனத்தில் நியாயம் உண்டு. இரண்டுக்கும் காரணம் தெரிய வேண்டுமானால் ஆங்ரி மின்யே என்ற பிரெஞ்சுக்காரரின் கதையைக் கேட்க வேண்டும்.

மின்யே 1893-ஆம் வருஷம் பிறந்தவர். ரேடியோ எஞ்சினியர். விமானத் தொழிற்சாலை எதிலும் அவர் வேலை பார்த்தவர் அல்லர். இளமை முதலே தாமே விமானம் செய்து பறக்க வேண்டும் என்ற பித்து அவரைப் பிடித்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல விமானங்களைச் செய்து பார்த்தார். முதலில் செய்தவை பெரும்பாலும் தரையை விட்டு எழும்ப மறுத்தன. எழும்பியவை எழும்பிய வேகத்திலேயே இறங்கின. மனிதர் சலிக்கவில்லை. எட்டாவது மாதிரி நன்றாகப் பறந்தது. அதைப் பார்த்து அவர் நாட்டில் பலர் தாங்களும் செய்துகொண்டார்கள். பதினான்காவது மாதிரிதான் உலகப் பிரசித்தி பெற்றது. 1933-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி, சுவாஸோன் நகருக்கு அருகே, அது முதன் முதலாகப் பறந்தது.

அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஆகாயப் பேன்’. இங்கிலீஷ்காரர்கள் மொழிபெயர்த்தபோது பேனைத் தெள்ளுப்பூச்சி ஆக்கிவிட்டார்கள். பேனைக் காட்டிலும் தெள்ளுப்பூச்சி கௌரவமான பிராணி என்று எண்ணினார்களோ என்னவோ! அது துள்ளவாவது செய்யும்.

தெள்ளுப்பூச்சியின் உருவம் வேடிக்கையானது. தொட்டி போன்ற ஓர் உடல். அதற்குள் ஒரே ஓர் ஆள். தலைக்கு மேலே, சற்று முன்னால், சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு ஓர் இறக்கை. அதற்குப் பின்னால், சற்றுத் தாழ்வாக, இன்னோர் இறக்கை. வழக்கமான விமானத்தில் இறக்கை ஒன்றாகவும் வால் தூரத்திலும் இருக்கும். இதில் வால் இறக்கையே முன்னால் நகர்ந்து வந்து முதல் இறக்கையோடு ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றும். மெல்லிய ஒட்டுப்பலகை, ஸ்புரூஸ் மரச் சட்டம், துணி, கம்பி, பசை: இவ்வளவுதான் சாமான். முன்னால் 500 கன சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதன் சக்தி 17 குதிரைச் சக்தி. இன்று நம் தெருவில் ஓடும் சாதாரண மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றுக்கு அதைவிட அதிகச் சக்தி உண்டு.

ஓட்டும் முறையும் புதிது. மற்ற விமானங்களில் கைக்கு ஒரு கம்பும் காலுக்கு இரண்டு மிதியும் உண்டு. கையும் காலும் ஒத்துப் போகாவிட்டால் விமானம் சுழன்று விழும். அக்காலத்தில் அநேகர் அப்படித்தான் மாண்டார்கள். மின்யே மிதிகளையே எடுத்து எறிந்துவிட்டார். கம்பைப் பக்கவாட்டில் சாய்த்தால் சுக்கான் திரும்பும். பின்னால் இழுத்தால் முன் இறக்கை முழுவதும் கீலில் திரும்பி நிமிர்ந்துகொள்ளும். விமானம் மேலே ஏறும். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளி வழியாகக் காற்று விரைந்து பாய்வதால் பின் இறக்கை எப்போதும் தன் சக்தியை இழக்காது, ஆகையால் இந்த விமானம் சுழன்று விழவே முடியாது என்பது அவருடைய கொள்கை. அந்த இடைவெளியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

1934-ல் மின்யே தம் விமானத்தைச் செய்யும் வகையை ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். படமும் அளவும் அதிலேயே இருந்தன. வானம் பணக்காரருக்கும் பட்டாளத்துக்கும் மட்டும் சொந்தம் அல்ல. உளி பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் அதில் பங்கு உண்டு என்பதே புத்தகத்தின் உயிர்நாடி. கைராட்டினத்தின் அருமை அறிந்த நமக்கு இந்தக் குரல் புதிதல்ல. தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் மனிதனின் நிமிர்வு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

1935-ல் அது இங்கிலீஷில் வெளிவந்தது. சில வாரங்களில் ஆயிரக்கணக்கான பிரதிகள் விற்றுப்போயின. நூறு பவுனுக்குள் விமானம் என்றால் யார்தான் விடுவார்கள்? மோட்டார்க் கொட்டகைகளிலும், கொல்லைப்புறக் கூரைகளிலும், விருந்தினர் அறைகளிலும் தெள்ளுப்பூச்சிகள் பிறக்கத் தொடங்கின. செய்து முடித்த பிறகு வாசற்படி வழியாக வெளியே வராமல் சுவரை இடித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவ்வருஷம் ஆகஸ்டில் மின்யேயே தம் பேனில் ஏறிக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் வந்து இறங்கினார். உற்சாகம் கரை புரண்டது. அந்நாட்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட தெள்ளுப்பூச்சிகள் பதிவாயின. ஃபோர்டு மோட்டார் வண்டியின் எஞ்சினைத் திருத்தி இவ்விமானத்துக்குப் பொருத்தும் ஏற்பாட்டை ஸர் ஜான் கார்டன் என்பவர் செய்தார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அவர் 1935 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார், ஆனால் தெள்ளுப்பூச்சியில் அல்ல, சீட்டு வாங்கி ஏறிய பெரிய பிரயாணி விமானத்தில்.

தெள்ளுப்பூச்சியின் முறை அடுத்து வந்தது. 1936-ஆம் வருஷத்தில் பென்ஷர்ஸ்டிலும் டிக்பியிலும் ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்கு அருகிலும் மூன்று பேர் தெள்ளுப்பூச்சியிலிருந்து விழுந்து இறந்தார்கள். பிரான்ஸிலும் மரணங்கள் நேர்ந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி: விமானம் மூக்கைக் கீழே தாழ்த்துகிறது, பிறகு நிமிர்வதே இல்லை, செங்குத்தாகத் தரையில் பாய்கிறது.

உடனே ஜனங்கள் யாரைச் சந்தேகித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கற்றுக்குட்டித் தச்சர்கள்! ஆணி சரியாக அறைந்திருக்கமாட்டார்கள், பசை காய்ந்திருக்காது, ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருப்பார்கள். இப்படிச் சொல்வது எளிது. ஆனால் இங்கிலாந்தில் இறந்த மூவரில் இருவர் ராயல் விமானப்படை அதிகாரிகள். அவர்களுக்கு ஓட்டத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

நல்ல வேளையாக, இரண்டு நாட்டுச் சர்க்காரும் ஊகத்தோடு நிற்கவில்லை. பாரிஸுக்கு அருகில் ஷாலே மெதோன் என்ற இடத்திலும், இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலும் முழு விமானத்தையே உள்ளே நிறுத்திப் பரீட்சிக்கக்கூடிய காற்றுச் சுரங்கங்கள் இருந்தன. ஃபார்ன்பரோ சுரங்கத்தின் வாய் 24 அடி குறுக்களவு உள்ளது. தெள்ளுப்பூச்சியை அங்கே நிறுத்தி, புயல் வேகத்தில் காற்றை ஓட்டி, மூக்கைச் சிறிது சிறிதாகத் தாழ்த்திக்கொண்டே போய் அளந்தார்கள். உண்மை வெளிப்பட்டது.

மூக்குத் தாழ்ந்தால் விமானி என்ன செய்வான்? கம்பைப் பின்னால் இழுப்பான். இழுத்ததும் முன் இறக்கையின் பின் விளிம்பு கீழே இறங்கிப் பின் இறக்கையை நெருங்குகிறது. இடைவெளி இன்னும் குறுகுகிறது. குறுகின வழியில் காற்று இன்னும் விரைவாகப் பாய்கிறது. அதனால் பின் இறக்கையின் தூக்கும் சக்தி அதிகரிக்கிறது. பின்புறம் உயர்ந்தால் மூக்கு இன்னும் தாழத்தானே செய்யும்? மூக்கு சுமார் 15 பாகைக்கு மேல் தாழ்ந்துவிட்டால், கம்பை வயிற்றோடு அணைத்து இழுத்தாலும் விமானம் நிமிராது. காப்பாற்றிக்கொள்ள அவன் செய்யும் ஒரே காரியம் அவனை மேலும் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. தம் விமானத்தின் பாதுகாப்பு என்று மின்யே எந்த இடைவெளியைச் சொன்னாரோ, அதுவே அதன் யமனாக இருந்தது.

ஆகவே தச்சர்களின் கை குற்றமற்றது. குற்றம் படத்தில் இருந்தது. புத்தகத்தில் இருந்தபடியே, ஓர் அங்குலம் பிசகாமல், பக்தியோடு செய்தவனும் அந்தக் குற்றத்தையும் சேர்த்தேதான் செய்தான். மின்யேயிடம் எனக்கு மதிப்பு உண்டு. தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் உலகுக்குக் கொடுத்தவர். தம் உயிரையே முதலில் பணயம் வைத்துப் பறந்தவர். ஆயினும், அளந்து பார்க்காத ஒன்றை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குள் அனுப்பிவிட்டார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. தாம் பறந்தபோது விழவில்லை என்பதை, விழவே விழாது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். இது விமானக்காரர்களுக்கு மட்டும் உரிய பிழை அன்று.

தெள்ளுப்பூச்சிக்குத் தடை வந்தது. ஆனால் மின்யே ஓய்ந்துவிடவில்லை. இறக்கைகளின் இடைவெளியையும் பளுவின் மையத்தையும் மாற்றித் திருத்தினார். 1965-ல் இறக்கும் வரை அமெரிக்கா, ஜப்பான் முதலிய பல தேசங்களுக்குச் சென்று புதிய மாதிரிகளைச் செய்துகொண்டே இருந்தார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1980-களில் ‘பாலெரி’ என்ற இரண்டு பேர் உட்காரும் இலகு விமானத்தைச் செய்தார்கள். அதே இரட்டை இறக்கை, அதே அசையும் முன் இறக்கை. அது பத்திரமாகப் பறந்தது. கருத்து தவறன்று, அளவுதான் தவறு என்பது ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு நிலைநாட்டப்பட்டது.

இனி வாசகரின் எஞ்சின் கேள்விக்கு வருவோம். விமானத்தின் உடலில் படம் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எஞ்சினில் அப்படி இல்லை. அங்கே தினந்தோறும் நம் கைதான் பொறுப்பு.

பாலெரிக்குப் பூட்டியது ஆஸ்திரியா தேசத்து ரோடாக்ஸ் 582 என்ற எஞ்சின். உலகமெங்கும் இலகு விமானங்களில் மிகுதியாக ஓடியது. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிர்வது, சுமார் 65 குதிரைச் சக்தி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். இவ்வளவு ஏற்பாடும் செய்த அந்தக் கம்பெனியார், தங்கள் கையேட்டிலேயே, இந்த எஞ்சின் எந்த நிமிஷத்திலும் நின்றுவிடக்கூடும் என்றும், நின்றால் பத்திரமாக இறங்க இடமில்லாத ஊருக்கு மேலே பறக்காதே என்றும் எச்சரித்திருக்கிறார்கள். தங்கள் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை பேசும் வியாபாரிகள் அரியர். 300 மணி நேரம் ஓடினால், அல்லது 5 வருஷம் ஆனால், எது முந்துகிறதோ அப்போது முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி. மணிக்கு 40 கிலோ மீட்டர் போகும் ஸ்கூட்டர் கணக்கில் 300 மணி என்பது 12,000 கிலோ மீட்டர்தான். நம்மில் யார் ஸ்கூட்டரை 12,000 கிலோ மீட்டருக்கு ஒரு முறை அக்கக்காகப் பிரிக்கிறோம்? நின்றுபோனால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம் என்ற தைரியம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்குப் பசை. கலக்க மறந்தால் சில நிமிஷங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். கலந்தாலும், எஞ்சின் சூடேறுவதற்கு முன் முழு வேகத்தையும் திறந்துவிட்டால், உள்ளே பிஸ்டன் சீக்கிரம் பருத்துவிடும், வெளியே சிலிண்டர் இன்னும் குளிர்ந்திருக்கும், மறுபடியும் இறுக்கம். இது தரையை விட்டு எழும்பும் சமயத்திலேயே நேரும் என்பதுதான் கொடுமை. ஆகையால் பொறுமையாகச் சூடாக்க வேண்டும். பறந்து இறங்கியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் நாடி தெரியும்: காப்பிக்கொட்டை நிறமாக இருந்தால் ஆரோக்கியம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு மிஞ்சுகிறது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

மரத்தாலான சுழல்விசிறிக்கு நம் சீதோஷ்ணம் ஒரு தனித் தொந்தரவு. மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும், சுருங்கினால் இறுக்கிய போல்ட்டுகள் தாமாகவே தளர்ந்துபோகும். வீட்டுக் கதவு ஐப்பசியில் மூடாமல் அடம்பிடிப்பதும் சித்திரையில் ஆடிக்கொண்டிருப்பதும் இதே காரணத்தால்தான். கதவு பொறுத்துக்கொள்ளும், விசிறி பொறுக்காது. பருவம் மாறும்போதெல்லாம் அளவுமானி வைத்து இறுக்கிப் பார்க்க வேண்டும். இன்னொன்று: இன்று நம் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது தண்ணீரை ஈர்க்கும். ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். அந்த எஞ்சினுக்கு எவ்வளவு கலப்பு வரை தகும் என்று கையேட்டைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

வாசகரே, நம் நாட்டில் இத்தகைய சிறு விமானத்துக்கும் ஆகாயப் போக்குவரத்து அதிகாரிகளிடம் பதிவும் அனுமதியும் பெறாமல் பறக்கலாகாது. எந்த மாதிரியைச் செய்ய விரும்புகிறீர்களோ, அதே படத்தின்படி செய்த விமானங்கள் எத்தனை வருஷம், எத்தனை மணி நேரம் பறந்திருக்கின்றன, எங்கெங்கே விழுந்தன, ஏன் விழுந்தன என்று முதலில் விசாரியுங்கள். ஒட்டுப்பலகை வாங்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் பழைய இரும்புக் கடையில் ஒரு டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் எஞ்சினை வாங்கி, தகப்பனார் முன்னிலையில் முழுவதும் பிரித்து, மறுபடியும் பூட்டி, ஓட்டிக் காட்டுங்கள். பூட்டி முடித்த பிறகு தட்டில் எத்தனை திருகாணிகள் மிச்சமிருந்தன என்று எனக்கு எழுதவும். ஒன்றுமே மிச்சமில்லை என்று உங்கள் தாயார் கையெழுத்திட்டு அனுப்பினால், அடுத்தபடியாகப் பசையைப் பற்றிப் பேசலாம்.