பாலைவனத் தேளும் ‘தொடக்கநிலை வளர்ப்புயிரி’ என்ற சொல்லும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.

பெங்களூரில் விலங்கியல் பயிலும் இளநிலை மாணவர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு இவ்வாறு எழுதியிருந்தார்: “அண்ணா, பாலைவனத் தேள் ஒன்றை வளர்க்கலாம் என்று எண்ணுகிறேன். தொடக்கநிலையாளருக்கு மிகவும் ஏற்றது என்கிறார்கள். நீங்கள் ஜோத்பூரில்தானே இருக்கிறீர்கள், அடுத்த முறை வரும்போது ஒன்றைக் கொண்டுவர முடியுமா?” இந்தக் கேள்வியில் தீய நோக்கம் எதுவும் இல்லை. ஓர் உயிரை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான் அதில் இருக்கிறது. அதே ஆவலால் நானும் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். ஆகவே அவருக்கு எழுதிய விடையைச் சற்று விரித்து இங்கே வைக்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ‘தொடக்கநிலையாளருக்கு ஏற்ற பாலைவனத் தேள்’ என்று காணொளிகளில் காட்டப்படுவது பெரும்பாலும் ஹாட்ரூரஸ் அரிசோனென்சிஸ் என்னும் அமெரிக்க இனம். அரிசோனா, கலிபோர்னியா, நெவாடா, அவற்றை ஒட்டிய மெக்சிகோ ஆகிய வறண்ட நிலங்களில் வாழ்வது. ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் வரை வளரும். வட அமெரிக்கத் தேள்களில் மிகப் பெரியது இதுவே. உருவம் அச்சுறுத்தினாலும் அதன் நஞ்சு மனிதருக்குப் பொதுவாக உயிராபத்து விளைவிப்பதில்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் நிலைமை மாறலாம்.

தார்ப் பாலையின் தேள்களை அதே பெயரால் அழைப்பதில் ஆபத்து இருக்கிறது. இங்கு மணலிலும் கற்களின் அடியிலும் வாழ்பவற்றில் பல பூத்திடே குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் மனித உயிரைப் பறிக்கக்கூடிய தேள்களில் ஏறக்குறைய அனைத்தும் இந்தக் குடும்பத்தில்தான் அடங்கும். இந்தியாவின் பல மாநிலங்களில் பரவியுள்ள செந்தேளும் இதன் உறுப்பினர்தான். 1798ஆம் ஆண்டு ஃபாப்ரீசியஸ் அதற்குச் சூட்டிய இனப்பெயர் ‘தமுலஸ்’. இன்றைய முழுப்பெயர் ஹொட்டென்டோட்டா தமுலஸ். நம் வயல்வெளிகளில் காணும் கரிய, பருத்த இடுக்கிகளைக் கொண்ட நட்டுவாக்காலியைவிட இது மிகச் சிறியது. பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இச்சிறு உயிர்தான் அதனினும் பன்மடங்கு கொடியது.

இதன் நஞ்சு உடலின் தன்னியக்க நரம்பு மண்டலத்தைக் கொந்தளிக்கச் செய்கிறது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கிறது. பெரிதும் பாதிக்கப்படுவோர் குழந்தைகள். மகாராஷ்டிரத்தின் மஹாட் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் பிரசோசின் என்ற மருந்தை 1980களில் இதற்குப் பயன்படுத்தத் தொடங்கியபின் இறப்புகள் பெரிதும் குறைந்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆயினும் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தால்தான் மருந்து பயன்படும். கூரை வீட்டில் உறங்கும் உழவர் குடும்பத்திற்கு இந்த ஆபத்து தாமாகத் தேர்ந்துகொண்டது அன்று. விடுதி அறையில் ஒரு நெகிழிப் பெட்டிக்குள் அதை நாமே கொண்டுவந்து வைப்பதோ நம் தேர்வு. அந்த அறையில் உடன் உறங்கும் நண்பர் அதற்கு இசைந்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் என் மறுப்பு நஞ்சைப் பற்றியது மட்டும் அன்று. ஆபத்தற்ற அமெரிக்கத் தேளே கிடைக்கிறது, இறக்குமதிக்குரிய அனுமதிகளும் முறையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘தொடக்கநிலையாளருக்கு ஏற்றது’ என்ற தொடர் எதை அளக்கிறது? சிறிய இடம் போதும், வாரம் ஓரிரு பூச்சிகள் போதும், ஓசை இல்லை, நாற்றம் இல்லை, மாதக்கணக்கில் உண்ணாவிட்டாலும் சாகாது. இவை அனைத்தும் வளர்ப்பவரின் வசதிகள். தேளின் வளர்சிதை மாற்றம் அதே எடையுள்ள பிற கணுக்காலிகளைக் காட்டிலும் மிகக் குறைவு. இரை அரிதான நிலத்தில் காத்திருந்து வாழ்வதற்கு உதவும் பண்பு அது. எளிதில் இறக்காது என்பதை எளிதில் வளர்க்கலாம் என்று நாம் பொருள் மாற்றிக்கொள்கிறோம்.

நாய் பசித்தால் குரைக்கும். கிளி வாடினால் இறகைப் பிய்த்துக்கொள்ளும். துன்புறும் தேளும் நிறைவோடிருக்கும் தேளும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே அசையாதிருக்கும். ஆகவே உண்மையில் இது தேர்ந்தவருக்கே கடினமான உயிர்.

அதன் உலகம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். 1977இல் பிலிப் பிரவுனெல் வெளியிட்ட ஆய்வு, மணல்தேள் தன் இரையைக் காண்பது கண்ணால் அன்று, கால்களால் என்று காட்டியது. பூச்சியொன்று நகரும்போது மணலில் எழும் நுண்ணதிர்வை எட்டுக் கால்களிலும் உள்ள உணர்விகள் ஏற்கின்றன. எந்தக் காலை அதிர்வு முதலில் அடைந்தது என்பதைக் கொண்டு திசையை அது கணிக்கிறது. இத்தகைய உயிரை மின்விசிறி சுழலும், நாற்காலி இழுபடும் அறையின் மேசைமீது வைக்கும்போது அதற்கு என்ன நேரும் என்று பெட்டியை விற்பவர் சொல்வதில்லை. மேலும், பாலைவனத் தேளின் வீடு மேற்பரப்பு மணல் அன்று; ஆழமான வளைதான் அதன் வீடு. மேலே தகிக்கும் பகலிலும் கீழே குளிர்ச்சியும் ஈரமும் இருக்கும். இரண்டங்குல மணல் பரப்பிய பெட்டியில் அந்த ‘கீழே’ இல்லை.

இதை நான் படித்து மட்டும் அறியவில்லை. ஆய்வில் சேர்ந்த முதலாண்டில், ஜோத்பூருக்கு வெளியே மணற்பாங்கான இடத்திலிருந்து முதிராத தேள் ஒன்றை அறைக்குக் கொண்டுவந்தேன். ஆய்வுத் தேவை எதுவும் இல்லை, ஆசைதான். நாள்தோறும் குறிப்பேட்டில் அதன் நிலையை எழுதினேன். நான்கு மாதப் பக்கங்களில் திரும்பத் திரும்ப இருப்பது ‘இயல்பு’ என்ற ஒற்றைச் சொல். இரவில் அது பெட்டியின் மூலையைச் சுரண்டிக்கொண்டிருப்பதைக்கூட விளையாட்டு என்று எழுதிவைத்தேன். வளை தோண்ட முயன்றிருக்கிறது என்று பின்னர்தான் விளங்கியது. ஒருநாள் காலை, பழைய தோலிலிருந்து பாதி வெளிவந்த நிலையில் இறந்து கிடந்தது. போதிய ஈரமின்றித் தோலுரித்தல் தடைப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாளின் குறிப்பிலும் ‘இயல்பு’ என்றே இருக்கிறது.

வளர்ப்போரால் அறிவியல் பெற்ற நன்மைகளை நான் மறுக்கவில்லை. தாய்த்தேள் தன் குஞ்சுகளை முதல் தோலுரிப்பு வரை முதுகில் சுமப்பது போன்ற நடத்தைகளைப் பொறுமையாகக் கவனித்து எழுதியவர்களில் ஆர்வலர்களும் உண்டு. வளர்ப்பிலேயே பிறந்த தேளை அறிவோடு பேணுவோர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அமெரிக்கப் பாலைவனத் தேளை வளர்ப்பில் பெருக்குவது கடினம். சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை நிலத்திலிருந்து பிடிக்கப்பட்டவை. ஆப்பிரிக்காவின் பேரரசத் தேள் இவ்வணிகத்தின் காரணமாகவே 1995இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் அதன் கீழான 2024ஆம் ஆண்டு விதிகளும், சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பட்டியலில் இல்லாத இனம் என்பதற்காக அதைத் தோண்டி எடுப்பது நியாயமாகிவிடாது. சட்டம் இன்னும் அதைக் கணக்கெடுக்கவில்லை என்பதே அதன் பொருள்.

அப்படியாயின் ஆவல் கொண்ட மாணவர் என்ன செய்வது? சிறிய புறஊதா விளக்கு ஒன்றை வாங்குங்கள். நிலவில்லாத இரவில், முழங்கால் வரை மூடிய காலணியுடன், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு ஊர்ப்புறத்துக் கற்குவியலோரம் செல்லுங்கள். தேளின் மேற்தோல் அவ்வொளியில் நீலப்பச்சையாக ஒளிரும். அண்மையில் தோலுரித்தது மட்டும் மங்கலாகத் தெரியும். விளக்கை நெடுநேரம் அதன்மீது நிறுத்தாதீர்கள், தொடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். எங்கே, எந்த நேரத்தில், எப்படி நின்றது என்று எழுதுங்கள். ஒரே இடத்திற்குப் பத்து இரவுகள் சென்றால், என் பெட்டி நான்கு மாதங்களில் கற்றுத் தராததை அது கற்றுத் தரும்.

அந்த மாணவருக்குத் தேள் கொண்டுவர மாட்டேன் என்று எழுதிவிட்டேன். விளக்கு ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் விடை வரவில்லை, வருத்தமடைந்திருக்கலாம். வளர்த்த பட்டறிவு உடையோர் மாற்றுக் கருத்து இருப்பின் தயங்காது எழுதுங்கள். தவறெனில் திருத்திக்கொள்கிறேன்.